நார்ஸ் தொன்மங்களைத் திருப்பிச் சொல்லும்போது: மூலம், வரிசை, நடை

நார்ஸ் என்னும் பழைய ஸ்காண்டிநேவியத் தெய்வங்களான ஓடின், தோர், லோகி கதைகளையோ சிகுர்த் போன்ற இடைக்கால வீரர்களின் கதைகளையோ தமிழில் எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: எதை மூலமாக வைத்துக்கொள்வது, எவ்வளவு தூரம் கைவைக்கலாம்? ஒவ்வொரு கதைக்கும் ஒரே ஒரு மூலத்தை முதுகெலும்பாக எடுத்துக்கொள்ளுங்கள், அது வாய் திறக்காத இடத்தில் நீங்களும் திறக்காதீர்கள் என்பதே என் பதில். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளம் தேவைப்படுகிறது.

கையில் இருப்பவை முக்கியமாக இரண்டு நூல்கள். ஒன்று, பாடல்களின் தொகுப்பான கவிதை எட்டா. அதன் பெரும்பகுதி 'கோடெக்ஸ் ரீஜியஸ்' என்ற ஒரே ஐஸ்லாந்துச் சுவடியில் பிழைத்திருக்கிறது. 1270-களில் தோலில் எழுதப்பட்டது, இன்று 45 ஏடுகள். 1643-ல் பிரின்யோல்வுர் ஸ்வெய்ன்சன் என்ற பிஷப்பின் கைக்கு வந்து, 1662-ல் டென்மார்க் அரசருக்குப் போய், 1971-ல்தான் ஐஸ்லாந்து திரும்பியது. நடுவில் எட்டு ஏடுகள் காணவில்லை. சிகுர்த்துக்கும் அவன் காதலித்த பிரின்ஹில்டுக்கும் இடையில் நடந்ததில் பெரும்பங்கு அந்த எட்டு ஏடுகளோடு போய்விட்டது.

இன்னொன்று உரைநடை எட்டா. ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதியது. ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறியது 1000 வாக்கில். ஆக, பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்கள் போய் இருநூறு வருடம் கழித்து, ஒரு கிறிஸ்தவர், அதுவும் அரசியலில் ஊறியவர், எழுதிய நூல் இது. அவர் நோக்கம் பக்தியும் இல்லை, கதைத்தொகுப்பும் இல்லை, கவிஞர்களுக்கான பாடநூல். பழைய கவிஞர்கள் தங்கம் என்று நேரே சொல்லமாட்டார்கள்; 'நீர்நாய்க்குக் கட்டிய ஈடு' என்பார்கள், 'ஃப்ரேயாவின் கண்ணீர்' என்பார்கள், 'சிஃபின் கூந்தல்' என்பார்கள். கதை தெரியாவிட்டால் பாட்டு புரியாது. அதற்காகத்தான் ஸ்னோரி கதை சொல்கிறார். பாடநூல் என்பதால் காரணம், காரியம், முடிவு என்று எல்லாம் சீராக இருக்கும். எழுத வருகிறவர்களுக்கு அந்தச் சீர்மைதான் வசதி. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

ஓடினின் மகன் பால்டர் சாகும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் தெரிந்த வடிவம் ஸ்னோரியுடையது. பால்டருக்குக் கெட்ட கனவு வருகிறது. தாய் ஃப்ரிக் உலகத்தில் உள்ள எல்லாவற்றிடமும் அவனுக்குத் தீங்கு செய்யமாட்டோம் என்று சத்தியம் வாங்குகிறாள். புல்லுருவிச் செடி சின்னப்பிள்ளை என்று விட்டுவிடுகிறாள். லோகி பெண் வேடத்தில் வந்து அதைத் தெரிந்துகொண்டு, பால்டரின் சகோதரனான குருடன் ஹோடின் கையில் கொடுத்துக் குறி காட்டி எறியவைக்கிறான். 'வோலுஸ்பா' என்ற பாட்டைப் பார்த்தால், புல்லுருவி இருக்கிறது, ஹோட் எறிகிறான், ஆனால் அவன் குருடன் என்று ஒரு சொல் கிடையாது. அந்த இடத்தில் லோகியும் இல்லை. 'லோகசென்னா' என்ற இன்னொரு பாட்டில், பால்டர் இனி வீடு திரும்பாததற்குக் காரணம் நான்தான் என்று ஃப்ரிக்கின் முகத்துக்கு நேரே லோகி சொல்கிறான்; எப்படிச் செய்தான் என்று சொல்லவில்லை. 1200 வாக்கில் லத்தீனில் டேனிஷ் வரலாறு எழுதிய சாக்ஸோவிடம் போனால் கதையே வேறு: நன்னா என்ற பெண்ணுக்காக இரண்டு ஆண்கள் போரிடுகிறார்கள், ஹோட் கண் தெரிந்த வீரன், வாளால் வெட்டுகிறான், பால்டர் ஒன்றும் அப்பாவி இல்லை.

இந்த நாலையும் ஒன்றாகக் கலந்தால் என்ன ஆகும்? ஹோட் வீரனாகவும் இருக்க வேண்டும், ஏமாந்த குருடனாகவும் இருக்க வேண்டும். உடனே எழுதுகிறவர் சேர்மானம் தேடுவார்: நன்னாமேல் ரகசியக் காதல், தம்பியின் பொறாமை, லோகிக்குச் சிறுவயதுக் காயம். மூலத்தில் இல்லாத தையல் எல்லாம் இப்படித்தான் வருகிறது. ஸ்னோரியையே எடுத்துக்கொள்வதாக இருந்தால் முழுக்க அவரோடு போங்கள். அப்போதும் அவர் எங்கே தயங்குகிறார் என்று கவனியுங்கள். பால்டரை மீட்க எல்லாப் பொருளும் அழ வேண்டும். தோக் என்ற ஒரு கிழவி மட்டும் அழ மறுக்கிறாள். அவள் லோகிதான் என்று ஸ்னோரி அடித்துச் சொல்வதில்லை. 'லோகியாக இருக்கும் என்று மக்கள் ஊகிக்கிறார்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். திருப்பிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஊகத்தைத் தூக்கி உண்மையாக்கிவிடுகிறார்கள். கதையின் குளிர் அங்கேயே போய்விடுகிறது.

பால்டரின் சிதையில் ஓடின் குனிந்து மகன் காதில் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்பது 'வாஃப்த்ருத்னிஸ்மால்' என்ற பாட்டில் கடைசிக் கேள்வியாக வருகிறது. எதிரில் இருக்கும் யோட்டுனுக்கு, அதாவது தெய்வங்களோடு மோதும் எதிர்க்குலத்தவனுக்கு, பதில் தெரியாததால் அவன் தலை போகிறது. அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதப்போனால், எவ்வளவு அழகாக எழுதினாலும், அது தோல்விதான்.

மூலத் தேர்வு வெறும் ஆராய்ச்சி விஷயமாக இல்லாமல் அறச்சிக்கலாகவே மாறும் இடமும் உண்டு. ஃப்ரேய் என்ற தெய்வம் கெர்ட் என்ற யோட்டுன் பெண்ணைத் தூரத்தில் பார்த்து மயங்குகிறான். பணியாள் ஸ்கீர்னிரைத் தூது அனுப்புகிறான். கூலியாகத் தன் வாளையே கொடுத்துவிடுகிறான். ஸ்னோரியிடம் இது இனிமையான காதல் கதை: தூதன் போனான், கேட்டான், ஒன்பது இரவு கழித்து வருவதாக அவள் வாக்குக் கொடுத்தாள். பழைய பாட்டான 'ஸ்கீர்னிஸ்மால்' அப்படி இல்லை. தூதன் பதினொரு தங்க ஆப்பிள் தருகிறேன் என்கிறான், வேண்டாம் என்கிறாள். எட்டு மோதிரம் பெற்றுப்போடும் மாய மோதிரம் என்கிறான். என் அப்பா வீட்டில் தங்கத்துக்குப் பஞ்சமில்லை என்கிறாள். வாளை உருவிக் காட்டுகிறான், மசியவில்லை. பிறகு ஆரம்பிக்கிறது சாபம்: செய்யுள் செய்யுளாக, மூன்று தலை யோட்டுனோடு வாழ்வாய், இல்லாவிட்டால் ஆணே இல்லாமல் கிடப்பாய், என்று ரூன் என்ற பழைய வடநாட்டு எழுத்தை மந்திரமாகக் கீறும் மிரட்டல்வரை. அதற்குப் பிறகே அவள் சம்மதிக்கிறாள். இன்றைய வாசகருக்கு எழுதும்போது ஸ்னோரி பக்கம் ஒதுங்குவது சுலபம். என் கருத்து, பாட்டையே எடுங்கள், சாபத்தைச் சுருக்காதீர்கள், அவள் மனசுக்குள் காதலித்தாள் என்று மழுப்பாதீர்கள். கொடுத்த வாளுக்கு விலை பின்னால் வருகிறது: தெய்வங்கள் அழியும் கடைசிப் போரான ரக்னரோக்கில் சுர்த் என்ற தீ யோட்டுனை எதிர்த்து நிற்கும்போது ஃப்ரேயின் கையில் அது இல்லை, சாகிறான். ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவே தேவையில்லை.

அடுத்தது வரிசை. மூலங்களில் கதைகள் தேதி போட்டு அடுக்கப்படவில்லை. ஆனால் பொருள்கள் ஒரு கதையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்தால் ஓரளவு நிற்கும் வரிசை கிடைக்கும். ஈசிர், வானிர் என்ற இரு தெய்வக் குலங்களின் போரில் ஈசிரின் ஊரான அஸ்கார்டின் மதில் உடைகிறது. மதிலைத் திரும்பக் கட்ட வரும் கொத்தனைத் தோர் தன் சுத்தியலால் கொல்கிறான். ஆகவே சுத்தியல் செய்யப்பட்ட கதை, அதாவது தோரின் மனைவி சிஃபின் கூந்தலை லோகி வெட்டியதும் குள்ளர்கள் ஆறு பரிசு செய்ததும், மதில் கதைக்கு முன்னால் வர வேண்டும். மதில் கதையில்தான் ஸ்லெய்ப்னிர் என்ற எட்டுக்கால் குதிரை பிறக்கிறது. ஓடின் அதில் ஏறும் எந்தக் கதையும் இதற்குப் பின். குள்ளர்கள் செய்த ஆறில் ஒன்றான ட்ராப்னிர் மோதிரம் பால்டரின் சிதையில் வைக்கப்படுகிறது. 'லோகசென்னா' விருந்தில் லோகி டீர் என்ற தெய்வத்தின் ஒற்றைக் கையைக் கிண்டல் செய்கிறான், பால்டர் சாவைச் சொல்லிக்காட்டுகிறான். எனவே அது டீர் கையிழந்த கதை, பால்டர் செத்த கதை இரண்டுக்கும் பின். ஒரு தாளில் சுத்தியல், குதிரை, மோதிரம், வாள், கை என்று ஐந்து கோடு இழுத்து எந்தக் கதையில் எது யாரிடம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டால், பத்துப் பதினைந்து கதைகள் கொண்ட புத்தகத்துக்கு அதுவே போதும்.

இதற்குமேல் இறுக்கினால் தவறு. ஒவ்வொரு முரணையும் சரிசெய்யப் போகிறவர்கள் கடைசியில் குலவரிசைப் பட்டியல் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நடைக்கு வருவோம். ஓநாய் ஃபென்ரிரைக் கட்டிய கதை. இரண்டு சங்கிலி அறுந்த பிறகு குள்ளர்கள் பட்டு நாடா மாதிரி ஒரு கயிறு செய்கிறார்கள். ஆறு பொருளால்: பூனை நடக்கும் ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் தசைநார், மீனின் மூச்சு, பறவையின் எச்சில். ஓநாய்க்குச் சந்தேகம்; யாராவது பிணையாக என் வாயில் கை வையுங்கள் என்கிறது. டீர் வலக்கையை வைக்கிறான். ஓநாய் திமிறத் திமிறக் கயிறு இறுகுகிறது. அந்த இடத்தை ஸ்னோரி முடிப்பது இப்படி: எல்லோரும் சிரித்தார்கள், டீரைத் தவிர. அவன் கை போயிற்று.

அவ்வளவுதான். ரத்தம் இல்லை, அலறல் இல்லை, தியாகத்தைப் பற்றி ஒரு பத்தி இல்லை. இதைத் திரைக்கதை மாதிரி விரித்து, எலும்பு நொறுங்கும் சத்தமும் டீரின் உள்மனக் குரலும் சேர்த்தால் பக்கம் நிறையும். சிரிப்பு காணாமல் போகும். தெய்வங்கள் சிரித்தார்கள் என்பதுதான் அங்கே பயங்கரம். உணர்ச்சியைச் செயலாலும் பேச்சாலும் மட்டுமே காட்டுவது இந்த இலக்கியத்தின் பழக்கம். 'அவன் நினைத்தான்', 'அவள் மனம் பதறியது' வகை வாக்கியங்களை முதல் வரைவில் தேடி அடித்துவிடுங்கள். பாதிக்குமேல் இல்லாமலே கதை நிற்கும்.

மூலம் மறைத்து வைத்ததை முன்கூட்டி உடைப்பதும் அடிக்கடி நடக்கிறது. தோர் ஊட்கார்டா-லோகியின் அரண்மனைக்குப் போகும் கதையில், கொம்பில் இருப்பதை மூன்று மூச்சில் குடித்தும் தீர்க்கமுடியவில்லை. சாம்பல் பூனையைத் தூக்கினால் ஒரு பாதம்தான் எழும்புகிறது. எல்லி என்ற கிழவியோடு மல்லுக்கு நின்று ஒரு முழங்கால் மண்டியிடுகிறான். மறுநாள் கோட்டைக்கு வெளியே வந்த பிறகே உண்மை சொல்லப்படுகிறது: கொம்பின் நுனி கடலில் இருந்தது, பூனை உலகைச் சுற்றிய பாம்பு, கிழவி முதுமை. கதையின் பலம் முழுக்க அந்தத் தாமதத்தில் இருக்கிறது. 'எதோ மாயம் இருப்பதைத் தோர் உணரவில்லை' என்று நடுவில் ஒரு வாக்கியம் விழுந்தால்கூடப் போதும், கெட்டது. அதே பயணத்தில் வரும் இன்னொரு லோகியையும் நம் லோகியையும் வாசகர் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, ஊட்கார்டா-லோகி என்ற முழுப்பெயரை ஒருபோதும் சுருக்க வேண்டாம். முதல் எழுத்தை நெடிலில் எழுதுங்கள், மூலத்திலும் நெடில்தான். குறிலில் எழுதினால் நம்மவர் 'உட்கார்' என்று படித்துவிடுவார்.

பெயர்களைப் பொறுத்தவரை, ஓடின், தோர், லோகி என்று பழகிவிட்டவற்றை மாற்ற வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு, வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள்: 'ஹோட்ர்' என்று மூலத்துக்கு விசுவாசமாக எழுதினால் 'ஹோட்ருக்கு' என்று நாக்கு சுளுக்கும், 'ஹோட்' என்றால் ஓடும். ஒரு கதையில் ஏழு பெயருக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'வோலுஸ்பா'வில் வரும் குள்ளர் பெயர்ப் பட்டியலும் ஸ்னோரியின் ஆற்றுப் பெயர்களும் அந்தக் காலக் கவிஞர்களுக்கான சரக்கு.

தமிழில் எழுதும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது, நம்மிடம் தயாராக இருக்கும் சொற்கள் கூடவே கொண்டுவரும் சரக்கு. ஈசிர் என்றால் தேவர், யோட்டுன் என்றால் அரக்கர் என்று போட்டால் தேவாசுர யுத்தம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அங்கே அப்படி இல்லை. ஓடினின் தாய் பெஸ்ட்லா யோட்டுன் குலம். தோரின் தாய் யோர்த் என்ற பூமியும் அந்தப் பக்கம்தான். ஃப்ரேயும் அங்கேதான் பெண் எடுக்கிறான். பங்காளிச் சண்டைக்குத்தான் இது நெருக்கம். போரில் செத்தவர்கள் சேரும் ஓடினின் மண்டபமான வால்ஹல்லாவைச் சொர்க்கம் என்றாலும், செத்த மற்றவர்கள் போகும் ஹெல்லை நரகம் என்றாலும் பாவபுண்ணியக் கணக்கு ஒட்டிக்கொள்ளும். பால்டர் ஒரு தப்பும் செய்யாமல் ஹெல்லுக்குத்தான் போகிறான். அங்கே அவனுக்காகப் பலகையில் தங்கம் பரப்பி, தேன்மது காய்ச்சி வைத்திருக்கிறார்கள். போரில் செத்தவர்களிலும் பாதிப்பேர் ஃப்ரேயின் சகோதரி ஃப்ரேயாவுக்குப் போகிறார்கள், ஓடினுக்கு மீதிதான். யோட்டுன், ஹெல் என்ற பெயர்களை அப்படியே விட்டு, முதல் முறை வரும்போது ஒரு வாக்கியத்தில் இன்னார் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஊழ் என்ற சொல்லை மட்டும் தயங்காமல் பயன்படுத்தலாம். தன்னை ஓநாய் விழுங்கப்போகிறது என்று தெரிந்தே ஓடின் படை சேர்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

அவனா அவரா என்ற கேள்வியும் வரும். எல்லோருக்கும் 'அவன்', 'அவள்' வைப்பதே நல்லது. மணப்பெண் வேடத்தில் முக்காடு போட்ட தோரை 'அவர்' என்று எழுதினால் சிரிப்பு வராது.

சினிமாவும் காமிக்ஸும் ஏற்றிவைத்ததை இறக்குவது தனி வேலை. லோகி ஓடினின் வளர்ப்பு மகன் இல்லை. இருவரும் ரத்தம் கலந்து சகோதரர் ஆனவர்கள். ஹெல் என்ற இடத்தை ஆளும் அதே பெயர்கொண்டவள் லோகியின் மகள். தோருக்குச் சிவப்புத் தாடி. வண்டியை இழுப்பவை ஆடுகள். ராத்திரி அவற்றையே சமைத்துத் தின்றுவிட்டு, எலும்பு உடையாமல் தோலில் போட்டு வைத்தால் காலையில் எழுந்து நிற்கும். அட்டைப்பட ஓவியருக்கும் இதையெல்லாம் சொல்லுங்கள். கொம்பு வைத்த தலைக்கவசம் 1876-ல் வாக்னரின் இசைநாடகத்துக்காக கார்ல் எமில் டோப்லர் வரைந்த உடைகளால் பரவியது. 1943-ல் நார்வேயின் யெர்முண்ட்பூவில் கிடைத்த வைக்கிங் காலக் கவசத்தில் கொம்பு இல்லை. இணையத்தில் வைக்கிங் திசைகாட்டி என்று விற்கும் சின்னம் 1860-ல் தொகுத்த ஐஸ்லாந்துச் சுவடியில் இருப்பது. வைக்கிங் கால ரூன் வரிசையில் 16 எழுத்து. அலங்காரத்துக்கு எடுக்கும் 24 எழுத்து வரிசை அதற்கு முந்தையது. ரூன்களில் சிலவற்றை நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள் என்பதால், எந்த எழுத்து அட்டையில் போகிறது என்று ஒரு தடவை சரிபார்ப்பது அவசியம். நல்ல படம் வேண்டுமென்றால் சுவீடனின் அல்டுனா கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்: தோர் மாட்டுத்தலையைத் தூண்டிலில் மாட்டிப் பாம்பைப் பிடிக்கிறான், அவன் கால் படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது.

வீரகதைகளில் கலப்படம் இன்னும் மோசம், ஏனென்றால் சிகுர்த் கதைக்கு நார்ஸ் வடிவமும் 1200 வாக்கில் எழுந்த ஜெர்மன் 'நிபெலுங்கர் பாடல்' வடிவமும் இருக்கின்றன. ஜெர்மன் வடிவத்தில் கதாநாயகி தன் கணவனைக் கொன்ற அண்ணன்மார்களைப் பழிவாங்குகிறாள். நார்ஸ் வடிவத்தில் சிகுர்த்தின் மனைவி குத்ரூன் தன் அண்ணன்மார்களைக் கொன்ற இரண்டாம் கணவன் அட்லியைப் பழிவாங்குகிறாள். பெற்ற பிள்ளைகளையே கொன்று அவர்கள் இதயத்தை அவனுக்கு ஊட்டுகிறாள். ரத்த உறவு பெரிதா தாலி உறவு பெரிதா என்ற கேள்விக்கு இரண்டும் நேர் எதிரான விடை சொல்கின்றன. ஒட்டுப்போட்டால் அவள் குணமே சிதறிவிடும். சரித்திரக் காலக்கணக்கையும் தேடாதீர்கள். குத்ரூனின் அண்ணன் குன்னார் 437-ல் ஹூணர்களிடம் அழிந்த பர்கண்டிய அரசன் குண்டஹாரின் நிழல், அட்லி 453-ல் இறந்த அட்டிலா, யோர்முன்ரெக் அதற்கும் முன்னால் 370-களில் இறந்த கோத்திய அரசன். கதையில் மூவரும் குத்ரூனின் ஒரே ஆயுளுக்குள் வருகிறார்கள். காணாமல்போன எட்டு ஏடுகளின் பகுதியை, சிகுர்த் குலத்தின் கதையை உரைநடையில் சொல்லும் 'வோல்சுங்க சாகா'வை வைத்து எழுதும்போது, குரல் மாறுவது உங்களுக்கே தெரியும். அதை முன்னுரையில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நேர்மை.

முதன்முதலாகக் கைவைக்க, கவிதை எட்டாவில் உள்ள 'த்ரிம்ஸ்க்விதா' என்ற பாட்டைப் பரிந்துரைப்பேன். முப்பதுக்குச் சற்று மேல் செய்யுள், ஒரே மூலம், ஸ்னோரி தொடவே இல்லை. தோரின் சுத்தியலைத் த்ரிம் என்ற யோட்டுன் திருடிப் பூமிக்கடியில் புதைத்துவிட்டு, ஃப்ரேயாவைக் கட்டிக்கொடுத்தால் தருகிறேன் என்கிறான். ஃப்ரேயா சீறிய சீற்றத்தில் கழுத்து மாலை அறுந்து விழுகிறது. தோருக்கு மணப்பெண் வேடம் போட்டு அனுப்புகிறார்கள், தோழியாக லோகி. பந்தியில் மணப்பெண் ஒரு காளை, எட்டு சால்மன் மீன், பெண்களுக்கென்று வைத்திருந்த பலகாரம் எல்லாவற்றையும் காலிசெய்கிறாள். இப்படித் தின்னும் மணப்பெண்ணை நான் பார்த்ததே இல்லையே என்கிறான் த்ரிம். லோகி சொல்கிறான்: எட்டு ராத்திரியாக அவள் ஒன்றுமே சாப்பிடவில்லை, உங்கள் ஊருக்கு வர அவ்வளவு ஆசை. முத்தமிட முக்காட்டைத் தூக்கியவன் மண்டபத்தின் அந்தக் கோடிக்குத் துள்ளுகிறான்: கண் ஏன் இப்படி எரிகிறது? எட்டு ராத்திரியாக அவள் தூங்கவே இல்லை, உங்கள் ஊருக்கு வர அவ்வளவு ஆசை. ஒரே வாக்கியம் திரும்ப வருவதுதான் நகைச்சுவை. இரண்டாவது முறை வேறு சொல் போட்டு மெருகேற்றாதீர்கள். 1,200 முதல் 1,500 சொல்லுக்குள் அடங்கும். தோர் பெண் வேடம் போட வெட்கப்படுவதை மூலம் ஒரு செய்யுளில் முடிக்கிறது. நீங்களும் இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். கடைசியில் சுத்தியல் மடிக்கு வந்ததும் நடக்கும் கொலை, சீதனம் கேட்ட த்ரிம்மின் அக்கா உட்பட, அதே வேகத்தில் போக வேண்டும். இரக்கம் சேர்த்தாலும் கெடும், கொண்டாடினாலும் கெடும்.

படிக்க, உரைநடை எட்டாவுக்கு அந்தோனி ஃபோக்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பை லண்டன் வைக்கிங் சங்கத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கவிதை எட்டாவுக்கு 1923-ல் வந்த பெல்லோஸ் மொழிபெயர்ப்பு எங்கும் கிடைக்கும். செய்யுளாக மொழிபெயர்த்ததால் சந்தத்துக்காகச் சொற்களைச் சேர்த்திருப்பார், எனவே இன்னொரு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சமகால எழுத்தாளர்களின் மறுகூறல்களை உங்கள் வரைவு முடிந்த பிறகு படிப்பது நல்லது. தொன்மம் பொதுச்சொத்து; ஆனால் அவர்கள் சேர்த்த உரையாடலும் காட்சியும் அவர்களுடையது. முன்னாலேயே படித்துவிட்டால் எது எட்டாவில் இருந்தது, எது அவர்கள் கற்பனை என்று பிரிக்க முடியாமல் அப்படியே எழுதிவிடுவீர்கள்.